பஞ்சுத்தலைக் குரங்கும் ஓசனிச்சிட்டும்

2025 ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வீடு கழுவி முடிந்தது. குசினியில் மேல் சுவரின் புகைக்கறை மட்டும் மிச்சம். எனக்குக் கை எட்டவில்லை. இவரைக் கேட்டால் செய்வார். ஆனால் முதலில் ஏணி, பிறகு ஏணிக்குக் கயிறு, பிறகு கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் என்று அரை நாள் போகும். பதினாறு வருடம் கப்பலில் வேலை செய்தவர். எதற்கும் கட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

பின்னேரம் உதயா வந்தாள். இங்கே பட்டணப் பக்கம் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மருமகன் குகதாசன் கட்டாரில். வயிற்றில் இரட்டை என்று தெரிந்து இரண்டு மாதம். அப்போது எடுத்த படத்தை இன்றைக்குத்தான் கையில் தந்தாள். கறுப்புக்குள் இரண்டு அவரை விதை. இவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதிலை எது தலை?" என்றார். உதயா சிரித்துச் சிரித்து இருமினாள்.

படம் இப்போது சாமி அறையில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில். அம்மாளே, இரண்டையும் முழுசாய்த் தா. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பால் கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது. நிறைவு.

ஜனவரி 28, செவ்வாய்

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். கருப்பை வாய் நேரத்தோடு கட்டையாகி வருகிறதாம். இன்றைக்கு இருபத்துமூன்று கிழமை. டொக்டர் பிள்ளை நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னாள். "அம்மா, இப்ப பிறந்தால் எங்களாலை பெரிசா ஒண்டும் செய்யேலாது. இருபத்தெட்டுத் தாண்டினால் போராடலாம். முப்பத்திரண்டு தாண்டினால் நான் உங்களோடை சேந்து சிரிப்பன்."

ஆகவே உதயா இனி இங்கே, மட்டுவிலில். கட்டிலை விட்டு எழும்புவது மலசலகூடத்துக்கும் முகம் கழுவவும் மட்டும். பள்ளிக்கூடத்துக்கு லீவு.

வரும் வழியெல்லாம் ஓட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் என் உயிர் போய் வந்தது. ஒன்பது செவ்வாய் இருக்கு முப்பத்திரண்டுக்கு. ஒன்பது! எப்பிடி ஒரு பிள்ளை ஒன்பது கிழமை முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது? கிடக்கத்தான் வேணும். நான் இருக்கிறன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

கட்டிலில் கிடந்தாலும் மகளின் தலை சும்மா கிடக்காது. கல்வி டிப்ளோமாவுக்கு எழுதி அனுப்ப ஓர் ஒப்படை மிச்சமாம். மார்ச் இருபதுக்குள் போய்ச் சேராவிட்டால் ஒரு வருடம் வீண். தலைப்பு: அழிந்துவரும் வெப்பமண்டலக் குரங்கு ஒன்றையும் அழிந்துவரும் ஓசனிச்சிட்டு ஒன்றையும் ஒப்பிடுக.

"குரங்கு தெரியும். மற்றது என்ன சாமான்?" என்று கேட்டேன்.

"ஹம்மிங்பேர்ட் அம்மா. செட்டை அடிக்கேக்கை ரீங்காரம் கேக்கும். அமெரிக்காக் கண்டங்களிலை மட்டும்தான் இருக்கு."

இவர் வாசலில் நின்று, "உது எங்கடை தேன்சிட்டுத்தானே. செவ்வரத்தம் பூவிலை நாள் முழுக்க நிக்குது. உதைப் பாக்க அமெரிக்காவுக்குப் போகோணுமோ?" என்றார்.

"அது வேறை அப்பா. எங்கடையது பூவிலை குந்தித்தான் குடிக்கும். அது அந்தரத்திலை நிண்டு குடிக்கும். பின்பக்கமாயும் பறக்கும்."

"றிவேர்ஸிலையோ?"

"ஓம்."

"கப்பலே றிவேர்ஸ் எடுக்க எவ்வளவு பாடு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

படுத்துக்கொண்டு எழுதினால் அவளுக்குக் கை விறைக்கிறது. நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலத்தைச் சாமான் சுற்றி வந்த பழைய பேப்பர்களில் எழுத்துக்கூட்டிப் பிடித்தேன், பிறகு அகராதி. ஆனால் கையெழுத்து குண்டு குண்டாய் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் போனில் பார்த்துச் சொல்ல, நான் தாளின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் குரங்கு, வலப்பக்கம் பறவை என்று எழுதுகிறேன். வீட்டுக் கணக்கை முப்பது வருடமாய் அப்படித்தான் எழுதுகிறேன். வேறு விதமாய் எனக்கு யோசிக்க வராது.

குரங்கு: கொலம்பியாவில் இருக்கும் பஞ்சுத்தலைக் குரங்கு. பறவை: அதே நாட்டில் சந்தா மார்த்தா மலையில் மட்டும் இருக்கும் வாள்சிறகு ஓசனிச்சிட்டு. பெயர்களை நானும் அவளும் சேர்ந்து தமிழாக்கினோம். நல்ல பொழுது. கடவுளே, நன்றி.

பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகல் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. எங்கள் பக்கம் வழமைதானே என்று இருந்தால், நாடு முழுக்க இல்லையாம். தெற்கில் எங்கோ ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்துவிட்டது என்று செய்தி.

இவருக்குப் பெரிய வெற்றி. கொஞ்ச வருடமாய்த்தான் எங்கள் ஊருக்கும் குரங்கு வருகிறது, தென்னையில் பிஞ்சுக் குரும்பட்டியைக்கூட விடுவதில்லை. "பாத்தியோ பிள்ளை, முழு இலங்கையையும் ஒரு குரங்கு இருட்டாக்கிப்போட்டுது. நீயும் கொம்மாவும் அது அழியுது எண்டு கண்ணீர் வடிக்கிறியள்."

"எங்கடை செங்குரங்கும் உலகக் கணக்கிலை அழியிற இனம்தான் அப்பா."

"அப்ப என்ரை குரும்பட்டி? அது எந்தக் கணக்கிலை?"

உதயாவுக்கு விசிறியால் விசிறிக்கொண்டே சிரித்தேன். அதிகம் சிரிக்கக் கூடாது அவள். வயிறு இறுகுகிறது.

பெப்ரவரி 13, வியாழன்

இன்று பிள்ளை வளர்ப்புப் பகுதி. படிக்கப் படிக்க அதிசயமாய் இருக்கிறது.

இடப்பக்கம். பஞ்சுத்தலைக் குரங்கு அரைக் கிலோகூட இல்லை. அது பெறுவது பெரும்பாலும் இரட்டை. பிறக்கும்போது இரண்டும் சேர்ந்து தாயின் பாரத்தில் ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும். தாய் தனியே சுமந்தால் செத்துப் போகும். ஆகையால் தகப்பன் சுமக்கும், மூத்த பிள்ளைகள் சுமக்கும், கூட்டத்தில் இருக்கிற மற்றவையும் முறை வைத்துச் சுமக்கும். பால் குடிக்க மட்டும் தாயிடம் வரும்.

வலப்பக்கம். இந்த வாள்சிறகைப் பல வருடம் ஒருவரும் காணவில்லை. 2022 இல் ஒருவர் கண்டு படம் எடுத்தார். அதன் கூட்டைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஓசனிச்சிட்டுகளின் வழமை ஒன்றுதான். இரண்டு முட்டை. சிலந்தி நூலால் கட்டிய கூடு, புளியங்கொட்டை நாலைந்து கொள்ளும் அளவு. ஒவ்வொரு நாளும் தன் பாரத்துக்குக் கிட்டத் தேன் குடிக்க வேண்டும், நாளைக்கென்று கையில் ஒன்றும் இல்லை. குளிர் மலையில் இரவு வந்தால் நெஞ்சுத் துடிப்பைக் குறைத்துச் செத்தது போலக் கிடந்து, விடிய எழும்பும்.

கடைசி வரிகளைத் திருத்தி எழுதி உதயாவுக்கு உரத்து வாசித்தேன். "கூடு கட்டியதும் தாய். குஞ்சு இரண்டையும் வளர்த்தெடுப்பதும் தாய் தனியே. ஆண் சேர்ந்ததும் போய்விடும். அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை."

"நல்லா வந்திருக்கு அம்மா, நீங்கள் படிப்பிச்சிருக்கலாம்" என்றாள். பெருமையாய் இருந்தது.

மத்தியானம் இவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

பெப்ரவரி 14, வெள்ளி

இன்றும் சரியாய்ச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாடு, முருங்கைக்காய்க் கறி. அதைத் தொடாத மனிதன் இல்லை இவர்.

பின்னேரம் பக்கத்து வீட்டு நல்லம்மாக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டா. எழுபது வயது, குரல் மட்டும் இருபது. "எடி குணம், வயசு போன நேரத்திலை அந்த மனிசனை ஏன் உப்பிடி வதைக்கிறாய்?"

"நான் என்ன செய்தன்?"

"குஞ்சு இரண்டையும் தாய் தனியத்தான் வளர்த்தது, ஆம்பிளை எட்டியும் பாக்கேல்லை எண்டு மகளுக்கு வாசிச்சுக் காட்டினியாம். யன்னலுக்குக் கீழை நிண்டு கேட்டவராம். வயலுக்குப் போற வழியிலை எனக்குச் சொல்லி அழாத குறை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான். குஞ்சு. உதயாவையும் வெளிநாட்டில் இருக்கும் மகன் மயூரதனையும் நான் இன்றைக்கும் குஞ்சு என்றுதான் கூப்பிடுகிறேன். பறவை என்ற சொல் மேலே நாலு வரிக்கு முன் போய்விட்டது. இவர் கேட்டது கீழ்ப் பாதி மட்டும்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, அது குருவி! உதயாவின்ரை ஒப்படை!"

இவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குருவியோ ஆரோ. எழுதினது சரிதானே."

பெப்ரவரி 15, சனி

எழுதினது சரிதானே.

உதயா பிறந்தபோது இவர் கடலில். பதினான்கு மாதம் கழித்து வந்து தூக்கப் போக, அது அலறி என் சீலைக்குள் ஒளித்தது. மயூரதன் பிறந்தபோதும் கடலில். அவன் ஓடித் திரியும்போதுதான் பார்த்தார். அவர் போனது எங்களுக்குச் சோறு போடத்தானே. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சொன்னதில்லை. ஆனால் அந்த வரியை ஏன் மூன்று தரம் திருத்தி, அவ்வளவு வடிவாய் எழுதினேன்? குரங்குக்கு அப்படி மினைக்கெடவில்லையே.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. உதயா படுத்தபடியே ஐந்தெழுத்துச் சொன்னாள். வயிற்றுக்குள் இரண்டும் உதைத்தன, விரதம் பிடிக்கவில்லைப் போல.

இவர் இப்போது சாப்பிடுகிறார். ஆனால் அந்த அறைக்குள் வருவது குறைவு. வாசலில் இளநீர் வெட்டி வைத்துவிட்டுப் போகிறார்.

மார்ச் 4, செவ்வாய்

இருபத்தெட்டு! போராடலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். இன்றைக்கு நான் சாமி அறையில் கும்பிட்டது நெடுநேரம்.

மருத்துவமாது றெஜினா மிஸ் வீட்டுக்கு வந்து துடிப்புக் கணக்கு எழுதச் சொல்லித் தந்தா. காலை எட்டு மணியிலிருந்து பிள்ளை பத்துத் தரம் அசைகிற நேரத்தைக் குறிக்க வேண்டும். "இரட்டையெண்டால் பிரிச்சறியிறது கஷ்டம் அம்மா, மொத்தமாய் எழுதுங்கோ, காணும்." உதயா சொன்னாள், "எனக்குத் தெரியும் மிஸ். வலப்பக்கத்தது குத்தும். இடப்பக்கத்தது உரசும்."

அப்படியென்றால் இரண்டு பத்திதான்.

மார்ச் 15, சனி

அரசாங்கம் நாடு முழுக்க ஒரே நேரத்தில் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்ன நாள். எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, வளவில் நிற்பதை எண்ணி நிரப்ப வேண்டும். இவருக்குத் திருவிழாப் போல. ஏழரைக்கே தென்னைக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்.

"ஒண்டு. ரெண்டு. அங்கை மூண்டு."

"அது முதல் எண்ணினதப்பா, கூரையாலை சுத்தி வந்திட்டுது."

"உம்மடை கணக்கு உம்மோடை. இது என்ரை வளவு."

கடைசியில் நான்கு என்று ஒத்துக்கொண்டோம். நான்காவது தாய். வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டு முருங்கைக்குப் பாய்ந்தது. "குட்டியையும் சேத்தால் அஞ்சு" என்றேன். இவர் கல் எடுத்த கையை இறக்கிவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தச் சாதியிலை தாய்தான் தூக்குமோ?"

"ஓம். ஒப்படையிலை எழுதின குரங்கிலைதான் தகப்பன்."

ஐந்து என்று எழுதினார்.

உதயாவின் கணக்கு இன்று: வலம் ஒன்பது மணி, இடம் ஒன்பதே முக்கால்.

மார்ச் 17, திங்கள்

பங்குனி முதல் திங்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த நாளில் அம்மன் வாசலில் பொங்காமல் இருந்ததில்லை. இம்முறை போகவில்லை, உதயாவைத் தனியே விட மனமில்லை. முற்றத்தில் கல் வைத்துப் பொங்கினேன். அம்மாளுக்கு வழி தெரியும், ஒரு கட்டைத் தூரம்தானே.

மார்ச் 19, புதன்

ஒப்படையை இவர் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டார். பதினொரு பக்கம், என் கையெழுத்து.

முடிவுரைக்கு நானும் மகளும் நேற்று முழுக்கச் சண்டை. எது கூடுதல் ஆபத்தில்? காடு வெட்டுவது இரண்டுக்கும் பொது. குரங்கைப் பிடித்துச் செல்லப் பிராணியாய் விற்கிறார்கள். முன்பு ஆராய்ச்சிக்கென்று ஆயிரக்கணக்கில் கப்பல் ஏற்றினார்கள். காடு துண்டு துண்டானால் கூட்டம் அடுத்த துண்டுக்குத் தாண்ட மாட்டாது. பறவை தாண்டும், ஆனால் தாண்டிப் போக வேறு மலை இல்லை. "பறவைதான் அம்மா, அதுக்கு ஒரே ஒரு மலை" என்றாள். நான் சொன்னேன், தாய் ஒன்று செத்தால் பறவைக்குக் குஞ்சும் போய்விடும், குரங்குக்கு மற்றவை இருக்கின்றன, அதையும் எழுது என்று. "அது இனத்துக்கான காரணம் இல்லை அம்மா, ஒரு கூட்டுக்கான காரணம்." ஆனாலும் எழுதவிட்டாள். என் வரி ஒன்று பரீட்சகருக்குப் போகிறது. வெட்கமும் சந்தோசமும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முப்பத்திரண்டு. டொக்டர் பிள்ளை, எங்கே இருந்தாலும் சிரியம்மா.

ஏப்ரல் 2, புதன். ஆசுபத்திரி வாங்கிலிருந்து

காலை பத்தரை. வலம் ஒன்பதுக்கே பத்து முடித்தது. இடம் இரண்டு. உதயா சொன்னாள், "நித்திரையாய் இருக்கும் அம்மா, சும்மா பயப்பிடாதேங்கோ." நான் கொப்பியைப் புரட்டினேன். இருபத்தொன்பது நாள். இருபத்தொன்பது நாளும் இடத்தது பத்து மணிக்கு முன் முடித்திருக்கிறது. ஒருநாள்கூடப் பிந்தவில்லை. பதினொன்றுக்கும் இரண்டுதான்.

றெஜினா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "மினைக்கெடாதேங்கோ. இப்பவே."

இவர் சேட் போட்டதையோ வேலிப் படலை திறந்ததையோ காணவில்லை, ஓட்டோ நின்றது. ஒரு கயிறும் கட்டவில்லை.

பெரிய டொக்டர் ஸ்கான் பார்த்துவிட்டு என் கொப்பியைக் கேட்டு வாங்கி நின்றபடியே பார்த்தார். சின்னதுக்கு இரத்தம் போவது குறைந்துவிட்டதாம். "நாளைக்கு வந்திருந்தால்..." என்று தொடங்கி முடிக்கவில்லை. உடனே தியேட்டருக்கு.

மூன்று பத்துக்குப் பெண். ஆயிரத்து அறுநூற்றிருபது கிராம். மூன்று பன்னிரண்டுக்கு ஆண், இடப்பக்கத்துப் பிள்ளை. ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அழுதானாம். நேர்ஸ் சொன்னா, பூனைக்குட்டி மாதிரி அழுதானாம்.

எழுத்து வடிவில்லை. அம்மாளே. அம்மாளே.

ஏப்ரல் 4, வெள்ளி

உதயாவுக்குப் பிறஷர் ஏறி வேறு வார்டில் வைத்திருக்கிறார்கள். ஆபத்தில்லை, ஆனால் எழும்பக் கூடாது. பாலைப் பிழிந்து அனுப்புகிறாள்.

பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள். தாங்களாய் மூச்சு விடுகிறார்கள். பொறுப்பான நேர்ஸ் சொன்னா, இனி ஆராவது நெஞ்சோடு, தோலோடு தோலாய் வைத்திருந்தால்தான் சூடு நிற்கும், பாரம் ஏறும், நாளுக்குப் பல மணித்தியாலம். கங்காரு முறையாம். "ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். நீங்கள் ஒண்டு. அப்பா வெளிநாடெண்டால் அம்மப்பா வரலாம், திரை போட்டுத் தாறம்."

பெட்டைக்குட்டியை நான் நெஞ்சில் வைத்திருந்தேன். அதை எழுத எனக்குச் சொல் இல்லை.

இவர் வெளியே வாசலில், சாப்பாட்டுக் கரியரோடு. சொன்னேன்.

"குரங்கு, குருவி முடிஞ்சு இப்ப கங்காருவோ?"

"பகிடி விடாதேங்கோ. வாங்கோ."

"என்னாலை ஏலாது குணம். இது வடக்கயிறு பிடிச்ச கை. என்ரை இரண்டையுமே நடக்கத் தொடங்கினாப் பிறகுதான் தூக்கினனான். உதை நான் பிடிச்சு ஏதும் நடந்தால்?"

குகதாசனுக்குப் பத்தொன்பதாம் திகதிதான் லீவு.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெண் 1610. ஆண் 1290. ஐம்பது கிராம் இறங்கிவிட்டான். பிறந்தவுடன் கொஞ்சம் இறங்குவது வழமை, ஆனால் இவனுக்கு இறங்க இடம் இல்லை என்று நேர்ஸ் சொன்னா. நான் மாறி மாறி வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்தால் மற்றது பெட்டிக்குள் தனியே. முதுகு பிளக்கிறது.

இவருக்கு வாசலில் வைத்து இரண்டு இலக்கத்தையும் மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பங்குனிக் கடைசித் திங்கள். எங்களுக்குப் பிள்ளை பிறந்த துடக்கு, முப்பத்தொரு நாள் கோயிலை நினைக்க முடியாது. ஊரே அம்மன் வாசலில் பொங்கும், நான் இங்கே ஆசுபத்திரிக் கதிரையில் என்று நினைத்துக்கொண்டு இருக்க, திரைக்கு அப்பால் இவருடைய குரல். "நான்தான் அம்மப்பா. ஐம்பது கிராம் குறைஞ்ச பிள்ளை எது?"

நேர்ஸ் சின்னப் பிள்ளை, இருபத்தைந்து இருக்கும். "கை நெஞ்செல்லாம் சோப் போட்டுக் கழுவுங்கோ ஐயா. பிறகு சேட்டைக் கழட்டுங்கோ."

நெஞ்சில் மூன்று குறி திருநீறு. கழுவும்போது ஒரு கணம் நின்றார். பிறகு கழுவிவிட்டார். சேட்டும் பெனியனும் கழற்றி, தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினார். மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரியே அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஐயா, கும்பிட வேண்டாம். கதிரையிலை இருங்கோ" என்று நேர்ஸ் சிரித்தா.

இவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சேட்டைக் கழற்று என்று சொல்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான்.

தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்ட அந்தத் துண்டுப் பிள்ளையை எடுத்து நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிவிட்டா. அவன் நரைமயிருக்குள் மூக்கை வைத்து ஒருமுறை முனகினான். அவ்வளவுதான். ஒரு மணியும் பத்து நிமிடமும் இவர் அசையவில்லை. மூச்சு விடுகிறாரா என்று நான் பார்த்தேன். கண்ணால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கப் பயம்.

ஏப்ரல் 9, புதன்

ஆண் 1315. ஏறிவிட்டது!

ஏப்ரல் 12, சனி

நானும் இவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், ஆளுக்கொரு பிள்ளையோடு. இப்போது இவர் எனக்கே பாடம் எடுக்கிறார், தலையை அந்தப் பக்கம் திருப்பும், காலை மடக்கும் என்று. உதயாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து காட்டினார்கள். "அம்மப்பாவைப் பாரன், கங்காரு மாதிரி" என்று மகனுக்குச் சொன்னாள். அவளும் இன்னும் இரண்டு நாளில் தூக்கலாமாம்.

அவளைக் கொண்டுபோன பிறகு இவர் குனிந்தபடியே கேட்டார். "இஞ்சேரும். ஒரு மணித்தியாலத்திலை எனக்குக் கழுத்து விறைச்சுப்போகுது. நீர் இரண்டையும் எப்பிடித் தனிய வளர்த்தனீர்?"

இருபத்தேழு வருடத்தில் கேட்கப்படாத கேள்வி. சொல்ல எவ்வளவோ இருந்தது, ஒவ்வொன்றும் திகதியோடு. வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

"தனிய இல்லையப்பா."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டாயிரத்தில் சண்டைக்குப் பயந்து இங்கிருந்து எல்லோரும் ஓடியபோது மயூரதன் மூன்று மாதம். பருத்தித்துறை வரை அவனைத் தூக்கி நடந்தது நான் இல்லை, நல்லம்மாக்கா. உதயாவைத் தோளில் வைத்துக்கொண்டு போனது அவவின் மனிசன். அங்கே சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி செபஸ்தியம்மா, எங்களை முன்பின் தெரியாது, எட்டு மாதம் தன் வீட்டு விறாந்தையைத் தந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் வைத்திருந்தா. நான் இடையில் பால் கொடுத்தேன், அவ்வளவுதான். இத்தனை வருடமாய் என்னை ஒப்படையின் அந்த வலப்பக்கப் பத்தியில், குருவியோடு போட்டு வைத்திருந்தேன். நான் இடப்பக்கத்துச் சீவன். இடப்பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாய் இருந்தது.

இதையெல்லாம் இவருக்கும் சொன்னேன். அழுதேனோ தெரியாது. இவர் ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்து என் முழங்கையைப் பிடித்தார். "நான் எல்லாருக்கும் கடன்காரன்" என்றார். பிறகு, "உந்தக் காலை மடக்கும், வெளியிலை வருது" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம் வார்டில். நேர்ஸ்மார் பலகாரம் தந்தார்கள். பெண் 1730, ஆண் 1440. உதயா முதன்முதல் இரண்டையும் தூக்கினாள். கை விசேஷக் காசு யாரும் யாருக்கும் தரவில்லை, தரத் தோன்றவில்லை.

ஏப்ரல் 19, சனி

குகதாசன் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தார். பிள்ளைகளைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நிற்கிற நிலை எனக்குத் தெரியும்.

"மாமா, எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"பயம்தான்" என்றார் இவர். "நீர் இரும். நான் கட்டிவிடுறன்."

ஏப்ரல் 25, வெள்ளி

எல்லோரும் வீட்டில். பெண் 1960, ஆண் 1710. ஓட்டோவில் ஆறு பேர். சாமி, நன்றி என்ற சொல் காணாது, வேறு சொல் தெரியாது.

மே 4, ஞாயிறு

நேற்று முன்தினம் துடக்குக் கழிந்தது. இன்று காலை அம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன், மூன்று மாதத்துக்குப் பிறகு. ஒன்றும் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் கட்டிலில் இல்லை. உதயா நல்ல நித்திரை. பெட்டை வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மாக்காவின் மடியில். "நீ போய்க் குசினியைப் பார், இவளோடை எனக்குக் கதை இருக்கு" என்று என்னைக் கலைத்துவிட்டா. பெடியன் இவருடைய நெஞ்சில், தென்னைக்குக் கீழே கதிரையில். குகதாசன் பக்கத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "மாமி, கேளுங்கோ, அரை மணித்தியாலம் எண்டு வாங்கினவர், ஒண்டரையாச்சு. என்ரை முறை" என்று முறைப்பாடு.

"சத்தம் போடாதையும் தம்பி, எழும்பிப்போடுவான்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

நானும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். ஒருவரும் தருவதாயில்லை. உள்ளே வந்து கொப்பியைத் திறந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.